நடேசன் கொடுத்த லைன்

அயனம்பாக்கம் ஏரிக்குக் கிழக்கே இருக்கும் ஆறு தெருக்களில் எந்தச் சுவருக்குள் எந்த வயர் ஓடுகிறது என்பது வீட்டுக்காரர்களைவிட நடேசனுக்குத்தான் நன்றாகத் தெரியும். முப்பது வருஷமாக அங்கே அவர்தான் வயர்மேன். அப்பா கத்தரியும் முள்ளங்கியும் போட்டுக்கொண்டிருந்த நிலம் மனைகளாகப் பிரிந்துபோன வருஷம், நடேசன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டு வந்தார். நிலம் போனதில் அவருக்குப் பெரிய வருத்தமெல்லாம் இல்லை. மனை வந்தால் வீடு வரும், வீடு வந்தால் வயரிங் வேலை வரும் என்று நினைத்தார். அப்படியேதான் வந்தது.

தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று லைட், இரண்டு ஃபேன், ஒரு பிளக் பாயின்ட் போட்டால் வேலை முடிந்துவிடும். அப்புறம் கிரைண்டர் வந்தது, ஃபிரிட்ஜ் வந்தது, மோட்டார் வந்தது. அதற்கும் அப்புறம் அந்த வீடுகளே இடிபட்டு அடுக்குமாடிகள் வந்தன. இருபது வீடு இருந்த அவர் தெருவில் இப்போது நூற்றுக்கு மேல் குடித்தனம். மதுரை, சேலம், நெல்லை என்று எங்கெங்கிருந்தோ வந்து ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். ஃபிளாட்டுக்கு ஒரு ஏசி என்றிருந்தது இரண்டாகி, மூன்றாகிவிட்டது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை ஒரு தடவை பெரிதாக மாற்றினார்கள். இரண்டு கோடைக்குள் அதுவும் திணற ஆரம்பித்தது.

புதுசாக ஏசி வைக்கிறவர்கள் கூடுதல் லோடு வேண்டும் என்று மின்வாரியத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் கொடுக்க மாட்டார்கள். நடேசனும் வற்புறுத்த மாட்டார். ஃபியூஸ் கட்டையைக் கழற்றி, அதிகச் சுமையிலும் எரிந்துபோகாதபடி கொஞ்சம் தடித்த கம்பியாகப் பார்த்துச் சுற்றிவிட்டு, லைன் கொடுப்பதுதான் நம் வேலை, நாட்டாமை பண்ணுவது இல்லை என்று சொல்லிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கிவிடுவார்.

அவர் மனைவி கன்னியம்மாள் வேப்பம்பட்டுக்காரி. கல்யாணமான மறுவருஷமே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளேட்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். தண்ணீர்க் குழாய், கதவுக் கைப்பிடி, வண்டிச் சாமான் எல்லாவற்றுக்கும் பளபளவென்று முலாம் ஏற்றுகிற இடம். தொட்டியிலிருந்து எழும்பும் ஆவி லேசான மஞ்சளாகக் கண்ணுக்கே தெரியும் என்பாள். முகத்தில் கட்டிக்கொள்ளத் துணி கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது ஈரமாகி மூச்சை முட்டும். பெண்கள் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். சாமான்களைக் கழுவிய தண்ணீர் பின்பக்கக் கால்வாயில் போகும். அது போன வழியில் புல்கூட முளைத்ததில்லை. மூன்றாம் வருஷமே அவளுக்கு மூக்குக்குள் புண் வந்தது. அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் வருகிறதுதானாம். தேங்காய் எண்ணெயைத் தொட்டு உள்ளே தடவிக்கொண்டு வேலைக்குப் போனாள். இருபது வருஷம் போனாள். மகள் லாவண்யாவைப் பட்டப்படிப்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தச் சம்பளம்தான்.

ஒரு நாள் யாரோ அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் பட்டறையை மூடச் சொன்னார்கள். முதலாளி வேறெங்கோ போய் வேறு பெயரில் திறந்துகொண்டார். கன்னியம்மாள் இருமலோடு வீட்டுக்கு வந்தாள்.

அந்த இருமல் அப்புறம் போகவே இல்லை. மாடி ஏறினால் இளைத்தது. பிறகு தெருமுனைக்கு நடந்தாலே இளைத்தது. பிறகு பேசினாலே இளைத்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, எங்கே வேலை பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். சொன்னதும் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போயிருக்கிறது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது, தூசியும் புகையும் ஆகவே ஆகாது என்றார். தூசியும் புகையும் இல்லாத இடத்துக்கு எங்கே போவது? ஏரிப்பக்கம் குப்பையைக் கொளுத்துகிற நாட்களில் அவள் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து வைத்துக்கொண்டு, நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நாலு வருஷம் மாத்திரையில் ஓடியது. ஐந்தாம் வருஷம் மெஷின் வந்தது.

சக்கரம் வைத்த சின்னப் பெட்டி அது. அறையில் இருக்கிற காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் இருக்கிற வரைக்கும் ஓடும். நடேசன் முதல் நாளே பின்பக்கத் தகட்டில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தார். முந்நூற்றைம்பது வாட். ஒரு மிக்ஸி இழுப்பதில் பாதிதான். ஒன்றரை டன் ஏசி ஒன்று இழுப்பதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு கொஞ்சம்தானா உன் உயிர் கேட்கிறது என்று அவளிடம் விளையாட்டாகச் சொன்னார். அவள் சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது.

அந்த வருஷத்துக் கோடை பங்குனியிலேயே தொடங்கிவிட்டது. காலை பத்து மணிக்கே தார் ரோடு செருப்பில் ஒட்டியது. எல்லா ஃபிளாட்டிலும் எல்லா ஏசியும் ஓடின. வெளியே தொங்கிய பெட்டிகள் கக்கிய சூடு தெருவிலேயே நின்றது. அந்தச் சூட்டைத் தாங்காமல் உள்ளே இருந்தவர்கள் இன்னும் குறைத்து வைத்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போக ஆரம்பித்தது. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை. சித்திரை பிறந்ததும் அது நாளுக்கு ஒரு தடவை ஆயிற்று. ஆட்கள் வந்து, ஏறி, போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த மணி நேரமே மறுபடி போகும்.

நடேசன் வீட்டில் இன்வர்ட்டர் இருந்தது. கரண்ட் போனால் மெஷினை அது ஒன்றரை மணி நேரம் தாங்கும். ஆனால் கரண்ட் இருக்கிற நேரத்திலும் வோல்டேஜ் இறங்கியே கிடந்ததால் பேட்டரி முழுதாக ஏறுவதே இல்லை. அதற்கும் மேலே ஒரு சிலிண்டர் வாங்கி வைத்திருந்தார். அது மூன்று மணி நேரம் வரும். தீர்ந்தால் பாடியில் இருக்கிற கடைக்குக் கொண்டுபோய் நிரப்பி வர வேண்டும்.

கரண்ட் போகும்போது இன்னொரு தொல்லையும் இருந்தது. பக்கத்துக் கட்டடம் செண்பகம் ஃபிளாட்ஸ்; பதினெட்டு வீடு. அதன் ஜெனரேட்டர் நடேசன் வீட்டு மதிலை ஒட்டினாற்போல இருந்தது. புகைக்குழாய் இந்தப் பக்கம்தான் பார்த்திருந்தது. அங்கே ஜெனரேட்டர் கிளம்பினால் இங்கே டீசல் புகை சமையலறைக்குள் வந்துவிடும். மெஷின் நின்றுபோயிருக்கிற அதே நேரத்தில் புகையும் வரும். கன்னியம்மாள் ஒரு கையால் மூக்குக் குழாயையும் ஒரு கையால் புடவைத் தலைப்பையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நடேசன் ஒரு நாள் செண்பகம் ஃபிளாட்ஸின் செயலாளர் ஜானகிராமனைப் போய்ப் பார்த்தார்.

ஜானகிராமன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர். புகைக்குழாயை இன்னும் உயர்த்திக் கட்டச் சொல்கிறேன் என்றார். நடேசன் தயங்கித் தயங்கி மற்றதையும் கேட்டார். ஜெனரேட்டர் ஓடும்போது மெஷினுக்கு மட்டும் ஒரு லைன் கொடுத்தால் போதும். முந்நூற்றைம்பது வாட்தான். ஜானகிராமன் சங்கக் கூட்டத்தில் பேசினார். ஒருவர்கூட மறுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஜெனரேட்டரில் யாரும் ஏசி போடக்கூடாது, லைட்டும் ஃபேனும் மட்டும், பக்கத்து வீட்டில் ஓர் உயிர் அதை நம்பி இருக்கிறது என்று எழுதி லிஃப்டில் ஒட்டினார்கள். நடேசன் மதில் மேலே வயரை இழுத்து மெஷினுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார். கன்னியம்மாள்கூட இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.

ஆனால் படுத்த பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. லிஃப்டில் ஒட்டிய காகிதத்தை மீறுகிற வீடுகள் அந்தக் கட்டடத்தில் இருந்தன. அவை எவை என்பது ஊரில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஜெனரேட்டரிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் லைனில் ஒரு சின்ன டிரிப் சுவிட்ச் இருக்கும். லைட், ஃபேனுக்கு மேலே எதையாவது போட்டால் அந்த வீட்டுக்கு மட்டும் கரண்ட்டை வெட்டிவிடும். மூன்று வீட்டுக்காரர்கள் தனித்தனியாக வந்து, படுக்கையறை ஏசி மட்டும் ஜெனரேட்டரில் ஓடுகிற மாதிரி செய்துதரக் கேட்டார்கள். மீட்டர் அறையில் அரை மணி நேர வேலை. சுவிட்சைச் சுற்றிக்கொண்டு ஒரு வயரை இழுத்துக் கொடுத்தார். அப்புறம் அந்த வீடுகளில் கரண்ட் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. ஏசி பாட்டுக்கு ஓடும். ஜெனரேட்டருக்கு அது கூடுதல் சுமைதான், தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். அப்போது லிஃப்டும் மோட்டாரும் சேர்ந்து ஓடுகிற நேரத்தை அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் மூன்று வீட்டுக்கும் போனார். முதல் வீட்டில் இருந்தவர் விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய், இப்போதே கழற்றுங்கள் என்றார்; நடேசன் உடனே கழற்றினார். இரண்டாவது வீடு வாடகைக்குக் கைமாறிவிட்டது. வேலைக்குப் போகும் இளைஞர்கள் நாலு பேர் இருந்தார்கள். அப்படி ஒரு வயர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கழற்றும்படி வீட்டு உரிமையாளர் சொன்னால் சரி என்றார்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார். கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் அனுப்பினார். மூன்றாவது வீடு ராகேஷுடையது. சேலத்துப் பையன், வீட்டிலிருந்தே வேலை. ஐந்து மாதக் குழந்தை. அதன் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு கொப்புளமாக வெடித்திருந்தது. ராகேஷ் குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினான். ரொம்பத் தேவைப்பட்டால் ஒழியப் போட மாட்டோம், இந்த ஒரு மாதம் போகட்டும் என்றான். சொன்னவிதத்தில் பொய் இல்லை.

நடேசன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். யாரையும் கேட்கவே வேண்டியதில்லை, மீட்டர் அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, இரண்டு நிமிஷத்தில் இரண்டு வயரையும் பிடுங்கிவிடலாம் என்றார். கன்னியம்மாள் தலையை ஆட்டி மறுத்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு எடுத்துக்கொண்டு பேசுவது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

"கொயந்த கீற ஊடுய்யா அது. பால்கனில வெச்சிகினு நிக்கசொல்ல நானே பாத்தேன், முதுகெல்லாம் கொப்பளம். அத புடுங்கிகினு வந்து எனக்கு வெச்சிக்கணுமா? உடு."

அவர் விட்டார். மனைவி சொன்னதற்காக மட்டும் விடவில்லை. அந்தக் கட்டடத்து வேலைகளை நம்பித்தான் அவர் பிழைப்பு இருந்தது. லைன் கொடுத்த மனிதர்களுக்குத் தெரியாமல் போய் வயரைப் பிடுங்குவது நன்றிகெட்ட வேலை என்றும் தோன்றியது. வெளிநாட்டுக்காரர் பதில் சொல்லட்டும், அதுவரை பார்க்கலாம் என்று நினைத்தார். அடுத்த பத்து நாளில் நாலு தடவை கரண்ட் போனது. நாலு தடவையும் ஜெனரேட்டர் லைன் மெஷினைத் தாங்கியது. பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோனது.

அக்னி நட்சத்திரம் தொடங்கி ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. அதிகாலையிலேயே போன கரண்ட் பத்து மணி வரைக்கும் வரவில்லை. ஜெனரேட்டரில் டீசல் இல்லை; போட ஆள் வருவதற்குள் இன்வர்ட்டர் தீர்ந்து, சிலிண்டரும் தீர்ந்தது. பத்து மணிக்குக் கரண்ட் வந்ததும் மெஷின் ஓட ஆரம்பித்தது. இறங்கிக் கிடந்த வோல்டேஜில் பேட்டரி ஏறவில்லை; இனி ஒரு தடவை போனால் ஜெனரேட்டர் லைனைத் தவிர கையில் எதுவும் இல்லை என்பதால், நடேசன் காலி சிலிண்டரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பாடிக்குக் கிளம்பினார். எதிர்வீட்டு ஆக்னஸைத் துணைக்கு உட்கார வைத்தார். ஆக்னஸும் கன்னியம்மாளும் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஆக்னஸுக்கு இருமல் இன்னும் மாடிப்படி வரைக்கும்தான் வந்திருந்தது.

நிரப்புகிற இடத்தில் கூட்டம். பன்னிரண்டரைக்குத்தான் இவர் முறை வந்தது. திரும்பி வரும்போது எஸ்டேட் சாலையில் லாரிகள் நின்றுபோய்ப் போக்குவரத்து நகரவில்லை. வெயிலில் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்தது. அந்த இடத்தில்தான் போன் வந்தது. செண்பகம் ஃபிளாட்ஸ் காவலாளி வேம்புலி.

"அண்ணாத்தே, ஜென்செட்டு நின்னுச்சி. கரண்ட்டு போயி பத்து நிமிசம் ஓடிச்சி, லிஃப்டும் மோட்டாரும் ஒண்ணா போட்டாங்கோ, பட்டுனு நின்னுச்சி. நானும் போட்டு போட்டு பாக்கறேன், ஒக்காந்துக்குது."

நடேசன் அந்த இடத்திலிருந்தே சொன்னார். மீட்டர் அறைக்குப் போ, இடது பக்கம் மேல் வரிசையில் மஞ்சள் வயர் இரண்டு தனியாகத் தொங்கும், இரண்டையும் பிடித்து இழு, பயப்படாதே, அப்புறம் ஜெனரேட்டரைப் போடு. வேம்புலி மீட்டர் அறைக்கு ஓடினான். அறை பூட்டியிருந்தது. சாவி நடேசனின் சட்டைப் பையில் இருந்தது.

ஸ்கூட்டரை லாரிகளுக்கு நடுவில் தள்ளிக்கொண்டு வந்தார். நடைபாதையில் ஏற்றினார். யார் யாரோ திட்டினார்கள். வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றேகால் தாண்டியிருந்தது. புகை வரும் என்று ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. கன்னியம்மாள் நாற்காலியில் இருந்தாள். ஆக்னஸ் முன்னால் மண்டியிட்டு, ஒரு காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே அழுதாள். நடேசன் சிலிண்டரின் திருகைத் திறந்து குழாயை மாட்டினார். மாட்டியபோது அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள் என்று அவர் சொல்வார். பார்க்கவில்லை என்று ஆக்னஸ் சொல்வாள். ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரி போய், அங்கே ஒரு பயிற்சி டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டார்.

காட்டுப்பாக்கத்திலிருந்து லாவண்யா வந்து பதினாறு நாளும் இருந்தாள். செண்பகம் ஃபிளாட்ஸிலிருந்து எல்லாரும் வந்தார்கள். ஜானகிராமன் வாசலோடு நின்றுவிட்டார். மூன்றாம் நாள் நடேசன் மீட்டர் அறைக்குப் போய் விளக்கைப் போட்டுப் பார்த்தார். மஞ்சள் வயர் இரண்டும் அப்படியே இருந்தன. ஒன்றின் மேல்தோல் சூட்டில் பழுத்திருந்தது. இரண்டையும் கழற்றிச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நிஜமாகவே இரண்டு நிமிஷ வேலைதான்.

ராகேஷ் ஒரு வாரம் கழித்துத் தனியாக வந்தான். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

"அண்ணா, அன்னைக்கு எங்க வீட்டுல ஏசி ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் மீட்டிங்ல இருந்தேன். கரண்ட் போனதே எங்களுக்குத் தெரியல."

"தெரியாது சார்," என்றார் நடேசன். "தெரியாம ஓடணும்னுதானே நான் லைன் குடுத்தேன்."

ராகேஷ் இன்னும் ஏதோ சொல்லவந்தான். நடேசன் கையை அசைத்துவிட்டார். அவன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு ஆக்னஸிடம் சொன்னார். குற்றத்தைப் பங்குபோட ஆள் தேடிப் பார்த்தார். ராகேஷ் குழந்தைக்காகப் போட்டான். இளைஞர்களுக்கு விஷயமே தெரியாது. வேம்புலி ஓடி ஓடிப் பார்த்தான். பட்டறை முதலாளி எங்கே இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் சாவி வைத்திருந்த ஆளிடம்தான் வந்து நின்றது.

ஒரு மாதம் கழித்து ஜானகிராமன் கூப்பிட்டனுப்பினார். சங்கம் முடிவு எடுத்திருந்தது. இனிமேல் யாருக்கும் இந்த மாதிரி நேரக்கூடாது. அதனால் பழைய ஜெனரேட்டரை எடுத்துவிட்டு இரண்டு மடங்கு பெரியதாக வாங்குகிறார்கள். எல்லா வீட்டிலும் ஒரு ஏசி தாராளமாக ஓடும். ஒருத்தரும் திருட்டுத்தனமாக லைன் இழுக்க வேண்டியதில்லை. வயரிங் வேலையை நடேசன்தான் செய்துதர வேண்டும் என்று எல்லாரும் பிரியப்படுகிறார்கள்.

நடேசன் முதல் தடவையாக அந்தக் கட்டடத்தில் குரலை உயர்த்திப் பேசினார்.

"பெரிசு வாங்கினா பொகையும் பெரிசாத்தான் சார் வரும். மதுலுக்கு அந்தாண்ட நாங்க கீறோம். ஊட்டுக்கு ஒரு ஏசிய மத்தியானத்துல நிறுத்துனா போதும். பழைய ஜென்செட்டே தாங்கும், டிரான்ஸ்ஃபார்மரும் தாங்கும். நான் கணக்குப் போட்டு எய்தித் தரேன்."

ஜானகிராமன் எழுதித் தரச் சொன்னார். நடேசன் இரண்டு நாள் உட்கார்ந்து, தெருவில் எந்தெந்தக் கட்டடத்தில் எத்தனை வாட், எதை எப்போது நிறுத்தினால் எவ்வளவு மிச்சம் என்று முழுத்தாள் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தார். கூட்டத்தில் அதை மரியாதையோடு கேட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக்கூட அவர் பார்த்தார். பிறகு தண்ணீர் லாரி விஷயத்துக்குப் போய்விட்டார்கள். புது ஜெனரேட்டர் ஆடி மாதத்தில் வந்து இறங்கியது. நடேசன் மறுத்துவிட்டதால் பூந்தமல்லியிலிருந்து ஜஸ்டின் என்பவர் வந்து வயரிங் செய்தார். நல்ல வேலைக்காரர்தான்; நடேசன் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் நடேசன் வேலைக்குக் கூப்பிடுகிற வீடுகளில் பேச ஆரம்பித்தார். ஏசி மாட்ட வேண்டும் என்பார்கள். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எத்தனை ஏற்கெனவே இருக்கிறது, மேற்கு ஜன்னலுக்குத் திரை போட்டீர்களா, மாடித் தளத்துக்கு வெள்ளை அடித்தீர்களா என்று கேட்பார். ஆளில்லாத அறையில் ஓடுகிற ஃபேனை அவரே போய் நிறுத்துவார். பதினெட்டில் வைத்திருக்கிற ஏசியை இருபத்தாறுக்கு மாற்றுவார். முதலில் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே பேசியது காதில் விழுந்தது. பாவம், சம்சாரம் போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறார், அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள். நவராத்திரிக்குள் அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை இருந்தால் அதிகம். தன்னோடு வந்துவிடும்படி லாவண்யா கூப்பிட்டாள். போய் நாலு நாள் இருந்தார். அவள் வீட்டு ஜன்னலுக்கு நேரே, காட்டுப்பாக்கத்தில் புதுசாக எழும்பிய கட்டடத்தின் ஜெனரேட்டர் நின்றது. ஊருக்கே திரும்பிவிட்டார்.

அவர் பேச்சைக் கேட்டது ஒரே ஒரு வீடுதான். நிவேதிதா என்ற பெண், அடுத்த தெருவில் மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருந்தாள். ஏசி பாயின்ட் போடத்தான் கூப்பிட்டாள். நடேசன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, சரி அண்ணா, வேண்டாம் என்றாள். இரண்டு நல்ல ஃபேன் வாங்கினாள், மேற்கு ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டினாள். அவள் பேச்சைக் கேட்டு அந்த மாடியில் இன்னும் ஒரு வீடு படுக்கையறை ஏசியை ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும் போடுவது என்று வைத்துக்கொண்டது. நடேசன் அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் மூன்றாவது மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போவார்.

அடுத்த பங்குனி முந்தைய பங்குனியைவிடச் சூடாக வந்தது. ஒரு காலையில் நிவேதிதாவிடமிருந்து போன் வந்தது. இருதயத்தில் ஆபரேஷன் ஆன அம்மாவை அவள் நெல்லையிலிருந்து அழைத்து வந்திருந்தாள். ஐந்தாறு மாதம் இங்கேதான். மூன்றாவது மாடி, மொட்டைமாடிக்கு நேர் கீழே. மத்தியானத்தில் அம்மாவுக்கு மயக்கம் வருகிறது, டாக்டர் குளிர்ச்சியில் வைக்கச் சொல்லிவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா. உங்களைத் தவிர வேற யாரையும் கூப்பிட மனசு வரல," என்றாள்.

நடேசன் போனார். அந்த அம்மாள் கட்டிலில் வியர்த்துக்கிடந்தாள். ஈரத்துணி நெற்றியிலேயே காய்ந்திருந்தது. சுவரைத் தொட்டால் சுட்டது. இந்த வெயிலில் இவளுக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? கூடுதல் லோடுக்கான விண்ணப்பத்தை அவரே எழுதி நிவேதிதாவிடம் கையெழுத்து வாங்கினார். முறையான வயர், முறையான சுவிட்ச், ஒரு சுற்றுக் கம்பிகூட அதிகம் இல்லாமல் போட்டுக் கொடுத்தார். இருபத்தாறில் வைத்து, கதவைச் சாத்தினார். கால்மணி நேரத்தில் அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. நல்லா இருய்யா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடேசன் கையை விடுவித்துக்கொண்டு, சாமான் பையைக் கட்டினார்.

கீழே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது இரண்டாவது மாடிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். போன வருஷம் இவர் பேசிய பேச்சில் முகம் சுளித்து, வேறு ஆளை வைத்துக்கொண்டவர்.

மேலே இப்போது ஏசி மாட்டியது நீங்கள்தானாமே, எங்களுக்கும் ஹாலில் ஒன்று மாட்ட வேண்டியிருக்கிறது, மூன்றாவதுதான், நாளைக்கு வர முடியுமா என்று கேட்டார். நடேசன் வழக்கம்போலக் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தன. வீட்டில் எத்தனை பேர், ஜன்னல் எந்தப் பக்கம். ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் மூன்று நாளாக வேலை இல்லாமல் இருந்ததும், நான் போகாவிட்டால் ஜஸ்டின் வருவார் என்பதும்தான் அப்போது நினைவில் இருந்தது.

"பத்து மணிக்கு வரேன் சார்," என்றார்.